குதிரைக்குக் குளிர்கிறதா?

இங்கிலாந்தில் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால், குதிரை வளர்ப்போரிடையே ஒரு தர்க்கம் மூண்டுவிடும். குதிரைக்குப் போர்வை போடுவதா, வேண்டாமா என்பதே அது. கடைகளிலோ மெல்லிய மழைப் போர்வை முதல், சதுர மீட்டருக்கு 300 கிராமும் அதற்கு மேலும் செயற்கைப் பஞ்சு அடைத்தவை வரை விதவிதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் தம் உடல் நடுங்குவதைக் கொண்டு குதிரையின் குளிரை அளந்துவிடுகிறார். தமக்குப் பொருந்திய உடையைப் பிறருக்கும் மாட்டிப் பார்க்கும் ஆசை ஆங்கிலேயருக்குப் புதிதன்று என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் தமக்குக் குளிர்ந்தால் குழந்தைக்குப் போர்த்துகிற தாய்மார் எந்தத் தேசத்தில்தான் இல்லை?

குதிரையின் தேகம் நம்முடையதைப் போன்றதன்று. ஆடையில்லாத மனிதன் 25 டிகிரிக்குக் கீழேயே சிரமப்படத் தொடங்குவான். குதிரையோ 5 டிகிரி வரையில் சாதாரணமாகவே சுகமாயிருக்கும். குளிர்கால ரோமம் அடர்ந்துவிட்டால் நீர் உறையும் குளிரையும் தாங்கும். ரோமங்கள் சிலிர்த்து நின்று, இடையிலே காற்றைச் சிறைப்படுத்தி உஷ்ணத்தைக் காக்கின்றன. கனத்த போர்வை அந்த ரோமத்தை அழுத்திப் படுக்க வைத்துவிடும். மேலும், உலர்ந்த புல் பெருங்குடலில் புளித்து ஜீரணமாகும்போது உள்ளேயே உஷ்ணம் பிறக்கிறது. ஆகையால் குளிர்ந்த இரவில் முதலில் தர வேண்டியது புல்.

அஞ்ச வேண்டியது உலர்ந்த குளிரைவிட, மழையும் காற்றும் சேர்ந்த குளிரையே. நனைந்த ரோமம் படிந்துவிடுவதால் காற்று தங்காது. ஒதுங்க இடமில்லாதவை, கிழடு தட்டியவை, மெலிந்தவை, நோயுற்றவை ஆகியவற்றுக்குப் போர்வை அவசியம். வேலைக்காக ரோமத்தைக் கத்தரித்துவிட்டவர்களும், தாம் பறித்ததைப் போர்வையால் திருப்பித் தரக் கடமைப்பட்டவர்கள்.

நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2016-இல் ஓர் அழகான காரியத்தை வெளியிட்டார்கள். குதிரையையே கேட்டுவிட்டார்கள்! மூன்று பலகைகள்: படுக்கைக் கோடு வரைந்தது ‘போர்த்து’, நிமிர்ந்த கோடு ‘எடு’, வெறும் பலகை ‘இருப்பபடியே விடு’. இருபத்துமூன்று குதிரைகளும் இரண்டு வாரத்துக்குள் கற்றுக்கொண்டு மூக்கால் தொட்டுக் காட்டின. ஈரமும் காற்றுமான நாட்களில் போர்வை கேட்டன. வெயில் காய்ந்த நாட்களில் எடுக்கச் சொல்லின. நம் வகுப்புக்களில் இவ்வளவு விரைவாகக் கற்பவர் எத்தனை பேர்!

பலகை இல்லாத இலாயத்தில் கைதான் கேட்க வேண்டும். காதைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. போர்வைக்குள் கையை நுழைத்து, தோளுக்குப் பின்புறம் தடவ வேண்டும். அங்கே பிசுபிசுப்பாயிருந்தால் போர்வை அதிகம். காலைப் பனியில் மாட்டிய கனத்த போர்வை நடுப்பகல் வெயிலில் வேதனையாகிவிடும். வாரையும் கொக்கியையும் அவிழ்க்கக் குதிரைக்குக் கையில்லை. தினம் ஒரு முறையாவது முழுவதும் கழற்றி, தோளிலும் மார்பிலும் உராய்ந்த புண் உண்டா என்று பார்ப்பதுடன், விலாவையும் தடவிப் பார்க்க வேண்டும். போர்வைக்குள் ஒரு குதிரை மெலிந்துகொண்டே போவது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.