கிழக்கைத் தொலைத்தவர்கள்

வழி தவறிப்போவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. அவற்றில் 'டிஸ்ஓரியன்ட்' என்ற சொல் கொஞ்சம் வித்தியாசமானது. அகராதியைப் புரட்டினால் திக்குத் தெரியாமல் தடுமாறச் செய்தல், குழப்புதல் என்றுதான் பொருள் போட்டிருக்கும். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பது வேறு... 'கிழக்கை இழக்கச் செய்தல்'!

லத்தீனில் 'ஓரியென்ஸ்' என்றால் உதிப்பது என்று பொருள். சூரியன் உதிக்கும் திசை என்பதால் அதுவே கிழக்குக்கும் பெயராகிவிட்டது. ஆசிய நாடுகளை ஐரோப்பியர்கள் 'ஓரியன்ட்' என்று அழைத்ததும் இதனால்தான். கிழக்கிலிருந்து விலகச் செய்வதைக் குறிக்கும் சொல் முதலில் பிரெஞ்சில் இருந்தது. அங்கிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

அது ஏன் கிழக்கு? அன்றைய ஐரோப்பாவில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் அதுதான். தேவாலயங்களின் பீடம் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். வரைபடத்திலும் அப்படியே. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் 1300ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட உலக வரைபடம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் நடுவில் ஜெருசலேம், மேலே கிழக்கு. வடக்கு இடது பக்கம் போய்விடும். வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பது வழக்கமானது பிற்பாடுதான்.

இந்தச் சொல்லில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. பாதை தெரியாதது பெரிய ஆபத்தில்லை. கிழக்கு எதுவென்று தெரிந்தவன் சுற்றி வளைத்தாவது ஊர் போய்ச் சேருவான். தனக்கு வெளியே, தன்னோடு சேர்ந்து நகராத ஒரு புள்ளியை இழப்பவன்தான் உண்மையில் தொலைந்துபோகிறான். அதைவிட மோசம், தான் தொலைந்ததே அவனுக்குத் தெரியாது.

இதை விமானிகளிடம் கேட்டால் தெரியும். இரவிலோ மேகத்துக்குள்ளோ தொடுவானம் மறைந்துவிட்டால், உடல் சொல்வதை நம்பவே கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முக்கியமான பாடம். காதுக்குள் இருக்கும் திரவம்தான் உடல் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக, வெகுநேரம் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் அந்தத் திரவம் அடங்கிவிடும். நேராகப் போவது போலவே தோன்றும்! ஆனால் விமானமோ வட்டமடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உண்மையைச் சொல்ல எதிரில் இருக்கும் கருவிகள் மட்டுமே மிச்சம்.

1999 ஜூலை 16 அன்று இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. உடன் சென்ற அவருடைய மனைவியும் மனைவியின் சகோதரியும் சேர்த்து மூவரும் இறந்தார்கள். விமானத்தில் எந்தக் கோளாறும் இருந்ததாகத் தெரியவில்லை. கடலுக்கு மேல் இருட்டில் ஏற்பட்ட திசைத் தடுமாற்றத்தால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று 2000ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அறிக்கையில் இருந்த சொல் இதே சொல்தான்... டிஸ்ஓரியன்டேஷன்.

இப்போது கைபேசிக்கு வருவோம். வழி காட்டும் வரைபடத்தை ஓடவிட்டால் அதில் வழக்கமாக மேலே இருப்பது கிழக்கும் இல்லை, வடக்கும் இல்லை. போகிறவர் முகம் எந்தப் பக்கமோ அதுதான் மேலே! அவர் திரும்பினால் உலகமும் சேர்ந்து திரும்புகிறது. இதனால் வசதி என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பத்து முறை போய்வந்த இடத்துக்குப் பதினோராவது முறையும் கைபேசியைக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! சார்ஜ் தீர்ந்துவிட்டால் அவர்களுக்குக் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை.

கைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வரைபடத்தில் வடக்கை மேலேயே நிறுத்திவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம். புது ஊரில் இறங்கியதும் சூரியன் எந்தப் பக்கம் என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். காசா, பணமா?

கருத்துகளுக்கும் இது பொருந்தும். 'நான் நேராகத்தான் போகிறேன்' என்று மனம் அடித்துச் சொல்லும்போதுதான், வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றோடு அதைச் சரிபார்க்க வேண்டும். ஏனென்றால் கிழக்கு யாருக்காகவும் இடம் மாறுவதில்லை!