பத்தடித் தரை போதும், பாதி ஆட்டம் பழகலாம்!

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 19 வயது. சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் கேடி வேலை. (நம்மூரில் ‘கேடி’ என்றால் வேறு அர்த்தம்! அங்கே, ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர்.) யாரோ ஓர் ஆட்டக்காரர் தன் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை லீவுக்கு வீட்டுக்கு வருகிற பையன், ராத்திரி பதினொரு மணி வரை கூடத்தில் ‘டொக் டொக்’. “வேலையை விட்டுட்டு ஆட்டக்காரன் ஆகப்போறேங்கிறான். பணக்காரங்க ஆட்டம் நமக்கு எதுக்குங்க? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க” என்கிறார்.

அம்மா, வேலையை விட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்த மட்டையைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டுவிடாதீர்கள்.

அவர் கையில் இருப்பது ‘பட்டர்’. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை உருட்டி உள்ளே தள்ளுகிற மட்டை. கோல்ஃபில் 250 கஜம் பறக்கவிட்டாலும் கணக்கு ஒன்றுதான், அரை கஜம் உருட்டினாலும் ஒன்றுதான். 18 குழிகளை 72 தட்டில் முடிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 தட்டு இந்த உருட்டலுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். தூர வீச்சுக்குத்தான் மைதானமும் பணமும் வேண்டும். இந்தப் பாதிக்கு உங்கள் வீட்டுக் கூடம் போதும்.

பெங்களூரு அதிதி அசோக்கை நினைத்துப் பாருங்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகத் தரவரிசையில் 200-வது இடத்திலிருந்து போனவர் நான்காவதாக வந்தார். ஒரே ஒரு தட்டில் வெண்கலம் கைநழுவியது. கொரோனா வந்து போன உடம்பு. மற்றவர்கள் அளவுக்கு அவரால் தூரம் அடிக்க முடியவில்லை. காப்பாற்றியது பட்டர்தான். அங்கே அவருடைய பையைச் சுமந்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா! கேடியாக இருந்து மேலே வந்தவர்களும் உண்டு. டெல்லி அலி ஷேர் 1991, 1993 என இரண்டு முறை இந்தியன் ஓப்பன் பட்டம் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை தூக்கியவர்தான். இப்படி வந்தவர்கள் சிலர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி தம்பிக்கு.

மட்டையின் முகம் ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால், பத்தடி போவதற்குள் பந்து 5 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். குழியின் அகலம் 10.8 செ.மீ. அதாவது, நடுவுக்குக் குறிவைத்த பந்து விளிம்புக்குப் போய்விட்டது. அதனால் முதலில் பழக வேண்டியது பலமல்ல, முகம். மட்டையின் இரண்டு பக்கமும் விரல்கடை இடம் விட்டு இரண்டு தீப்பெட்டிகளை வையுங்கள். இரண்டிலும் படாமல் மட்டை போய்வர வேண்டும். ஓரடி முன்னால் இன்னும் இரண்டு தீப்பெட்டி. நடுவில் பந்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதல். பந்து அந்த வாசலில் இடிக்காமல் நுழைய வேண்டும்.

அடுத்தது, அம்மாவின் கோலப்பொடி. கொத்தனார் மாதிரி நூல் பிடித்துத் தரையில் எட்டடிக்கு மெல்லிய கோடு போட்டு, அதன் மேலேயே உருட்டுங்கள். எந்த இடத்தில் பந்து விலகுகிறது என்று பொடியே காட்டிக்கொடுக்கும். (தரையைப் பிறகு நீங்கள்தான் கூட்ட வேண்டும்!) தினமும் முதல் இருபது பந்துகளை வலது கையால் மட்டும் உருட்டிப் பாருங்கள். கை இழுக்கிறதா, தள்ளுகிறதா என்று உடனே புரிந்துவிடும்.

தூரத்துக்கு சிமென்ட் தரை உதவாது, பந்து வழுக்கிக்கொண்டே போகும். ஜமக்காளத்தை விரியுங்கள். 3, 5, 7 அடியில் நாணயங்களை வைத்து, வரிசை மாற்றி மாற்றி, பந்து நாணயத்தருகே நிற்கும்படி உருட்டுங்கள். தூரம் கூடினால் மட்டையைக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னே கொண்டுபோக வேண்டும், இடிக்கக் கூடாது.

எல்லோரும் சறுக்குவது தலையில். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தலை தூக்கினால் தோளும் கூடவே திரும்பும். ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து மூன்றடியிலிருந்து உருட்டுங்கள். விழுந்ததா என்று காதுதான் சொல்ல வேண்டும். டம்ளருக்குள் துணியை வைத்தால் ‘டொக்’ என்பது ‘தொப்’ ஆகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்குவார்கள். அமெரிக்கர் ஃபில் மிக்கெல்சன் மூன்றடித் தூரத்தில் தொடர்ந்து நூறு போடுவதைப் பயிற்சியாக வைத்திருந்தவர். நீங்கள் ஐம்பதில் ஆரம்பிக்கலாம். ஒன்று தவறினாலும் திரும்ப ஒன்றிலிருந்து!

மேடு பள்ளம் பார்ப்பதை வீட்டில் பழக முடியாது. ஆனால் அதைத்தான் தம்பி தினமும் மைதானத்தில், சம்பளத்தோடு, பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலையை விட வேண்டாம் என்பது இதனாலும்தான்.

அம்மா, ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். 10.8 செ.மீ. வட்டமாகக் காகிதம் வெட்டித் தரையில் ஒட்டி, எட்டடியிலிருந்து ஐம்பது பந்து. வட்டத்தின் மேல் எத்தனை உருண்டன என்று தேதியோடு எழுதட்டும். புல்தரையில் எட்டடி என்றால் உலகின் முதல்தர ஆட்டக்காரர்களே ஏறக்குறையப் பாதிதான் போடுகிறார்கள். சமமான வீட்டுத் தரையில் நாற்பதாவது வர வேண்டும். மூன்று மாதம் கழித்து, அந்த நோட்டோடு போய் அங்குள்ள பயிற்சியாளரிடம் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும். அதுவரை தினமும் அரை மணி நேரம் போதும். சென்னை அறையிலும் செய்யலாம். உங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது மணிக்கு டம்ளர் சமையலறைக்குத் திரும்பிவிட வேண்டும்.