தைலம் தேய்த்தால் போதுமா?

ஆசிரியர்களே, பெற்றோர்களே! குறுக்கோட்டப் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கிய மாணவனுக்குத் தைலம் தேய்த்து, அழுத்தி உருவிவிட்டு, மறுநாளே ஓடச் சொன்னவன் நான். வீக்கம் பெருகியது. அக்குற்றவுணர்வே இதனை எழுதத் தூண்டியது.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் அழுத்தி உருவினால் உள்ளே இரத்தக்கசிவு மிகும். கிழிந்த நாரை இழுத்து நீட்டுவதும் தீங்கே. முதலில் ஓய்வும் கட்டும் வேண்டும். காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். வீக்கம் தணிந்த பின்னரே மென்மையான நீவலும் மெதுவான தசைநீட்டலும் துணைபுரியும். வலியின்றி நடந்து, ஒற்றைக்காலில் நிற்க முடிந்த பிறகே ஓட்டம்.

வளரும் பிள்ளைக்குச் சுளுக்காகத் தோன்றுவது எலும்பு முறிவாகவும் இருக்கலாம். கால் ஊன்ற இயலாவிடில் மருத்துவரிடமே செல்க!

‘வலி பொறுப்பவனே வீரன்’ என்று இனியும் பிள்ளைகளிடம் முழங்கலாமா? கிண்ணத்தை அடுத்த ஆண்டும் வெல்லலாம். சிந்திப்போம்!