தேய்மானம் போட மறந்தவன்

நான் பி.காம். படித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மெஷினை வாங்கி ஓட்டாமல் மூலையில் போட்டு வைத்தாலும் அதன் மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும், அதற்குத் தேய்மானம் என்று பெயர் என்பதைக் காலேஜில் படித்து, கணக்குப் போட்டு, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். சொந்தமாகக் கார் வாங்கும்போது அத்தனையும் மறந்து போச்சு.

கார், செகண்ட் ஹாண்ட். "டாக்டர் வண்டி சார், கம்மி ஓட்டம்" என்றார் புரோக்கர். எங்கள் தேனியில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எண்ணிப் பார்த்தால், ஊரில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகமோ என்று சந்தேகம் வரும். குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டன் ஜம்மென்று இருந்தது. "இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் கண்ணை மூடிட்டு ஓட்டலாம் சார்." கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

கோடை லீவில் தேக்கடிக்குக் கிளம்பினோம். அம்மா, மனைவி, மகள், ஒரு தூக்குவாளி நிறைய புளியோதரை. சின்னமனூர்வரை வாழைத்தார் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து, உத்தமபாளையம் கடந்து கம்பம் வந்ததும், "ஏங்க, மலை ஏறப் போறோம். காத்து பாத்துட்டுப் போயிரலாமே" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து நான் மறுபேச்சுப் பேசாமல் கேட்ட ஒரே யோசனை இதுதான்.

பஞ்சர் கடைத் தம்பி காத்தடிக்கவில்லை. சந்தையில் காளையைத் தடவிப் பார்ப்பதுபோல டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது.

"அண்ணே, இங்க தொட்டுப் பாருங்க."

அரை எலுமிச்சம்பழத்தை உள்ளே ஒளித்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு. சுற்றிலும் தண்ணி வத்திய கண்மாய் மாதிரி கீறல் கீறலாக வெடிப்பு.

"பட்டன் நல்லாத்தானே தம்பி இருக்கு?"

"பட்டன் நல்லாத்தாண்ணே இருக்கு. டயருதான் செத்துப் போச்சு."

துணியால் துடைத்து, நீள் வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். 3514. "2014-ல 35-ஆவது வாரம் செஞ்சதுண்ணே." என் மகளைவிட மூத்த டயர்! டாக்டர் ஓட்டாமல் ஷெட்டில் வைத்திருந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. உள்ளே நூலிழை அறுந்தால்தான் இப்படிப் புடைக்குமாம். அதற்கு ஒட்டுப் போட முடியாது. வளைவில் பாரத்தோடு திரும்பும்போது வெடித்தாலும் வெடிக்கும்.

"ஸ்டெப்னியை மாட்டிருவோமா?"

அதையும் துடைத்தார். 3514. கூடப் பிறந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். லோயர் கேம்ப் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் மகள் ஜன்னலோரம் நின்றுகொண்டு, "அப்பா, கீழ பாரேன், எவ்ளோ ஆழம்!" என்று குதித்தாள். பார்த்தேன். அன்றைக்குப் புளியோதரை தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் டயர் கடை. "ஸ்பெஷல் டிஸ்கவுன்ட் சார்!" என்று ஒரு செட் காட்டினார்கள். துணியை எடுத்தேன். நாலு வருஷத்து ஸ்டாக். இந்த வருஷத்துச் சரக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினேன். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் சோதிக்கணும், பத்து வருஷமானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றணும் என்பது டயர்க்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்.

மற்றபடி நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பட்டன் பள்ளத்தில் குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், உடனே மாற்றணும். நடுவில் தேய்ந்தால் காத்து அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காத்து கம்மி. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் கோளாறு. எவ்வளவு காத்து என்பதை டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர் சொல்லும். டயர் சூடாவதற்கு முன்னால், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும். இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசைப் பின்னால் மாட்டுங்கள். மழையில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரியும், சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிக்கொண்டு நிற்கும்.

ஒரு சமாசாரம் தெரியுமோ? காத்தடைத்த டயருக்கு 1888-ல் காப்புரிமை வாங்கிய டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு டாக்டர். தன் பையனின் மூணு சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடணுமே என்றுதான் அதைச் செய்து பார்த்தார். என்னைக் கேட்டால் அசல் 'டாக்டர் வண்டி' அது ஒன்றுதான். பிள்ளைக்காகச் செய்த சாமானை, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் நாம் துடைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய டயரில் ஒன்று இப்போது வீட்டு வேப்பமரத்தில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. கணக்குப் பாஷையில் எஞ்சிய மதிப்பு! மகள் ஆடும்போது அந்த 3514 முன்னால் வருகிறது, பின்னால் போகிறது. பஞ்சர் கடைத் தம்பி அன்றைக்குப் பேசாமல் காத்தடித்து அனுப்பியிருந்தால்...

வேண்டாம் சார். நீங்கள் முதலில் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.