வெளியே தொங்கும் முன் விடுபடக் கற்பிப்போம்



'கட்டுமரம்' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று என்று வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டிய செய்திதான். ஆயினும், நம் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இன்று அப்பெயரால் வழங்கும் படகோ, ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்மரப் படகு. அதன் முன்னோடிகள் பசிபிக் தீவு மக்களின் இரட்டைப் படகுகள். பெயரைக் கொடுத்த இனத்தின் பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் ஏறுகிறார்கள்? "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்பதே பல வீடுகளில் முதல் பாடமாகவும் முடிந்த பாடமாகவும் இருக்கிறது.

அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அச்சத்திற்கு உரிய இடம் எது என்பதைத்தான் இங்கே பேச விழைகிறேன். இருவர் செலுத்தும் சிறு கேட்டமரானில் 'டிரபீஸ்' என்றொரு கலை உண்டு. பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து இறங்கும் கம்பியின் வளையத்தை இடுப்புக் கச்சையின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் ஊன்றி, உடலைக் கடலுக்கு மேலே நீட்டி நிற்பதே அது. கரையிலிருந்து பார்க்கும் தாய்க்கு நெஞ்சு பதறும். பதறுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

ஹோபி 16 என்னும் புகழ்பெற்ற படகின் அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர், எடை ஏறத்தாழ 145 கிலோகிராம். காற்று பாயைத் தள்ளும்போது, காற்று வரும் பக்கத்து உடல் நீரைவிட்டு எழ முயலும்; மறுபக்கத்து உடலே ஆதாரப் புள்ளியாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் எழும் பக்கத்தில் அமர்ந்தால், படகை நிமிர்த்தும் திருப்புவிசை 60 பெருக்கல் 2.4, அதாவது 144. அவரே கம்பியில் தொங்கினால் உடலின் எடைமையம் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே போகும். அப்போது 60 பெருக்கல் 3.4, அதாவது 204. அதே பிள்ளை, அதே எடை. பயனோ நாற்பது விழுக்காடு கூடுதல்! அறிவியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரையும் நெம்புகோல்தான் இது.

இக்கலை புதியதும் அன்று. 1938ஆம் ஆண்டில் பீட்டர் ஸ்காட், ஜான் விண்டர் எனும் இருவர் இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் கிண்ணப் போட்டியில் இம்முறையைக் கையாண்டு வென்றனர். அந்த வகைப் படகில் அது உடனே தடைசெய்யப்பட்டது. பின்னாளில் பல வகைப் படகுகள் அதை ஏற்றுக்கொண்டன.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இக்கலையைக் கற்பிக்கும் வரிசைதான் பிள்ளையின் உயிரைக் காக்கிறது. வெளியே செல்வது எளிது, மகிழ்ச்சி தருவது. ஆகவே அதையே முதலில் காட்டிவிடும் ஆவல் பயிற்றுநருக்கு வருவது இயல்பு. நான் வேண்டுவது தலைகீழ் வரிசை.

முதலாவது, விடுபடுதல். படகு கவிழ்ந்து, கொக்கி கயிற்றிலோ கம்பியிலோ சிக்கிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் மேலே வர இயலாது. இதனாற்றான் பந்தயங்களில் அணியும் கச்சை, அணிந்தவரை எந்நேரமும் விரைவாக விடுவிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும் என்னும் விதி 2023 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கருவி இருந்தால் மட்டும் போதுமா? கண்ணை மூடிக்கொண்டும், இடக்கையாலும் வலக்கையாலும், எடை தொங்கும்போதும் அதை இழுத்து விடுவிக்கப் பிள்ளை பழகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே திரும்புதல். முன்கையால் கைப்பிடியைப் பற்றி, முழங்கால்களை மடக்கி, பின்காலை முதலில் உள்ளே வைத்து அமர்தல். இதைக் கரையில், புல்தரையில் நிறுத்திய படகில் பலமுறை செய்யலாம்.

மூன்றாவதுதான் வெளியே செல்லுதல். வளையத்தை மாட்டி, எடை முழுவதையும் கச்சையில் இறக்கி, முன்காலை விளிம்பில் ஊன்றித் தள்ளி, பின்காலைச் சேர்த்தல். முன்கால் உறுதியாக நிற்க வேண்டும். படகின் முன்முனை அலையில் புதைந்து வேகம் சட்டெனக் குறைந்தால் உடல் முன்னோக்கி வீசப்படும். காற்று வலுக்க வலுக்க இருவரும் பின்புறம் நகர்வதும் இதற்காகவே.

இருவர் என்பதை மறந்துவிடலாகாது. வழக்கமாகத் துணைவர் முதலில் வெளியே செல்வார். காற்று நிலைத்தபின் சுக்கான் பிடிப்பவர் தொடர்வார். சுக்கானைத் திருப்புமுன் அவர் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். சொல்லாமல் திருப்பினால் நீரில் விழுபவர் மற்றவர். நம் வகுப்புகளில் இணைப்பணி என்று இருவரை அமர்த்துகிறோம். ஒருவர் எழுத, மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒரே புள்ளி. கடலில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கும் இடமில்லை.

ஆகவே, "என் பிள்ளை சுக்கான் பிடிக்கிறானா?" என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். துணைவர் என்பது தாழ்ந்த இடமன்று. தோக்கியோ ஒலிம்பிக்கிலும் (2021இல் நடந்தது) 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செலுத்தும் நாக்ரா 17 பிரிவில் தங்கம் வென்றவர்கள் இத்தாலியின் ருஜ்ஜெரோ தீத்தாவும் கத்தெரினா பாந்தியும். சுக்கான் தீத்தாவின் கையில். பதக்கமோ இருவர் கழுத்திலும்! கற்கும் பருவத்தில் இரு பிள்ளைகளும் இடம் மாறிப் பழக வேண்டும். தொங்கிப் பார்த்தவனே தொங்குபவனின் நிலை அறிந்து சுக்கான் திருப்புவான்.

பயிற்சிக்குச் சேர்க்கும் முன் பயிற்றுநரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கச்சையை விடுவிக்கும் பயிற்சி முதல் நாளிலேயே உண்டா? கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பயிற்சி, மீட்புப் படகு அருகிருக்க நடக்கிறதா? பிள்ளைகள் இடம் மாறிப் பழகுகிறார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால், உயிர்காப்பு அங்கியை அணிவித்து மனநிறைவோடு அனுப்புங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பிள்ளையைக் கையோடு அழைத்து வந்துவிடுங்கள். வேறு பயிற்றுநரைத் தேடுங்கள். கடலை மட்டும் பிள்ளைக்கு மறுத்துவிடாதீர்கள்.