கடன் என்னும் சொல்

ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளை முன்னிட்டு, நமது கல்லூரியில் பேச்சுப்போட்டி நடைபெறுவதுண்டு. 1948ஆம் ஆண்டின் உலகப் பிரகடனம், எவரையும் அடிமையாக வைத்திருக்கலாகாது என்று நான்காம் பிரிவிலேயே அறிவித்துவிட்டது. மாணவர்கள் அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களையும் லிங்கனையும் பற்றி முழங்குவார்கள். அண்மையில் ஒருமுறை முடிவுரை கூற எழுந்த நாம், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, செங்கற்சூளைகளைப் பாருங்கள் என்றோம். முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அட்வான்ஸ் வாங்கினா திருப்பிக் கொடுக்கத்தானே வேணும்? கொடுக்காம ஓடிப்போனா அது தப்பில்லையா?" என்றார். அவையில் பலர் அதை ஆமோதித்துத் தலையசைத்தனர். அன்று நாம் சொன்ன மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. அதைச் செம்மையாகச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை என்று புறநகர் நீண்டுகொண்டே செல்கிறது. விடியற்காலையில் லாரிகள் செங்கல் இறக்கும் ஓசை கேட்காத தெரு இங்கே குறைவு. நாமும் இங்கு ஒரு வீடு கட்டினோம். ஆயிரம் கல் என்ன விலை, நாட்டுக்கல்லா, சேம்பர் கல்லா என்றெல்லாம் கேட்டோம். அறுத்தவர் யார் என்று கேட்கவில்லை.

சூளைத் தொழிலின் நடைமுறை எளியது. வேலையற்ற மழைக்காலத்தில் குடும்பத்திற்கு முன்பணம் தரப்படும். மழை ஓய்ந்து வெயில் தொடங்கியதும் கணவன், மனைவி, பல இடங்களில் பிள்ளைகளும் சேர்ந்து மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கில் இருப்பதோ குடும்பத்தலைவர் பெயர் மட்டும். வாரச் செலவுக்குத் தருவதும் கழிக்கப்படும். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். பருவ முடிவில் கடன் தீரவில்லை என்றால் அடுத்த ஆண்டும் வரவேண்டும். எல்லாச் சூளைகளும் இப்படிப்பட்டவை என்று நாம் கூறவில்லை. ஆயினும், கடன் தீரும்வரை வெளியேறக்கூடாது என்னும் நிலை வந்த கணத்தில் அது கூலிவேலை அன்று, கொத்தடிமைத்தனம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தை ஒரு முதியவர் ஆளோலையுடன் வந்து தடுக்கிறார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை பேரனையும் கட்டும் என்பதே அவரது வழக்கு. சுந்தரர் ஓலையைக் கிழித்தெறிகிறார்; வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. வகுப்பில் இப்பகுதியை இறைவனின் ஆட்கொள்ளலாக, பக்திச் சுவையோடு நடத்துகிறோம். அதில் தவறில்லை. ஆனால், தலைமுறை தாண்டியும் மனிதரைப் பிணிக்கும் ஓர் ஆவணத்தைக் கண்டு அக்கதையில் எவரும் திகைக்கவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டாமா? ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உண்டா என்பதே அங்கு எழும் வியப்பு. அடிமை என்ற ஏற்பாடே எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

அந்த ஓலையை நம் நாட்டுச் சட்டம் கிழித்து அரை நூற்றாண்டு ஆகிறது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே இல்லாமலாக்கியது. முன்னோர் பட்ட கடனுக்காக வாரிசு உழைக்க வேண்டும் என்ற வழக்கமும் செல்லாததாயிற்று. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று நிறுவும் பொறுப்பு, கடன் கொடுத்தவருடையது. அது மட்டுமன்று, அழிந்துபோன அக்கடனுக்காகப் பணம் பெற்றுக்கொண்டால், பெற்றவருக்கே மூன்றாண்டு வரை சிறை. நம் மாணவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இதுதான்: ஓடிப்போனவர் குற்றவாளி அல்லர், வசூலிப்பவரே குற்றவாளி.

ஆனால் சட்டம் அறிந்தது மனம் அறியவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், இராணிப்பேட்டைப் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் இருளர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழும் புகைப்படம் நாளிதழ்களில் வெளியாயிற்று. அதைக் கண்டு நெகிழ்ந்தோர் பலர். நமக்கோ நெகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு உரிமையாகிவிட்ட ஒன்றை, அவர் ஒருவரின் கருணையாகப் பெற்றுக்கொண்டார். விடுதலை கருணையாகத் தோன்றும் வரையில் கடனும் அறமாகவே தோன்றும்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். புறநானூற்றுத் தாய் பேசும் கடன், கடமை. அடகுக்கடைக் கடன், திருப்பித் தர வேண்டிய பணம். முன்பணம் தந்தவர்கள் இரண்டாவதை முதலாவதாக்கிக் காட்டுவதில்தான் வெற்றி பெறுகிறார்கள். பூட்டும் காவலும் பல இடங்களில் தேவைப்படுவதில்லை. வாக்குத் தவறாதவன் என்ற பெயர் போதும். ஏழையின் நாணயமே ஏழைக்கு விலங்காகிறது. 'வாங்கின கடனைக் கொடுக்க வேண்டாமா' என்று நாம் வீட்டுத் திண்ணையில் பேசும்போது, அந்த விலங்கில் ஒரு கண்ணியை நாமும் சேர்க்கிறோம்.

அப்படியானால் அன்றாட வாழ்வில் நம்மால் ஆகக்கூடியது என்ன? சூளைகளைத் தேடி அலைய எல்லோராலும் இயலாது. நம் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே தொடங்கலாம். காவலாளிக்கோ வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்கோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்காக முன்பணம் கொடுத்திருப்போம். அது உதவிதான், குற்றமன்று. ஆனால் நாளை வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்து அவர் போக விரும்பினால், 'கணக்கை முடித்துவிட்டுப் போ' என்று வழிமறிப்போமா? விரும்பிய வேலைக்குப் போகும் உரிமை, விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமை, குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றைக் கடன் பறிக்கிறதா என்பதையே சட்டமும் கேட்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வெளியேற முடியாத குடும்பம் ஒன்று கண்ணில் பட்டால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதலாம். விசாரித்து விடுவிப்பதும் விடுதலைச் சான்றிதழ் வழங்குவதும் அவர்களுடைய பணி. மறுவாழ்வு உதவிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். அது கிடைக்காமல் வீடு திரும்பிய குடும்பம், அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் யாரிடமாவது கை நீட்ட நேரிடும். ஆகவே, மீட்டார்கள் என்ற செய்தியோடு நம் அக்கறை முடிந்துவிடலாகாது.

அடுத்த டிசம்பர் 10 அன்றும் பேச்சுப்போட்டி நடக்கும். இம்முறை லிங்கனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அம்மாணவரின் கேள்வியையே தலைப்பாக வைக்க எண்ணியிருக்கிறோம்.