அதிகாரிக்குக் காவல் எது?

நம் தங்கவயலில் தகப்பன்மார் சுரங்கத்துக்குள் இறங்கிய காலம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியுடன் முடிந்தது. இன்று அவர்களுடைய மக்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கும், பஸ்ஸில் நரசாபுரத்துத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் இயந்திரத்தின் முன் நிற்கிறான். தம்பி அவனைப் போன்ற பலரை மேற்பார்க்கும் அதிகாரியாக அமர்கிறான். ஆகையால் கம்பெனி அதிகாரியின் உயிர்ப் பாதுகாப்பு ஏதோ பணக்காரர் வீட்டுக் கவலை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

2009 செப்டம்பரில் கோயம்புத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளர் சிலர் நீக்கப்பட்டதை அடுத்து, மனிதவளத் துறையின் தலைமை அதிகாரி தாக்கப்பட்டு மாண்டார். 2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசரில், மாருதி கார்த் தொழிற்சாலையில் மூண்ட கலவரத்தில் அத்துறையின் மற்றோர் அதிகாரி தீக்கு இரையானார். அவ்வழக்கில் 2017-இல் 31 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 117 பேர் விடுதலையாயினர். ஆனால் அந்த 117 குடும்பங்கள் ஐந்தாண்டு பட்ட பாட்டை எந்தத் தீர்ப்பு ஈடு செய்யும்? கொலைக்கு எக்காரணமும் நியாயமாகாது. அதன் துயரமோ இரு பக்கத்து வீடுகளிலும் புகுகிறது.

நம் மாவட்டத்து நரசாபுரத்திலும் 2020 டிசம்பர் 12 அன்று, அப்போது ஐபோன் செய்துவந்த விஸ்ட்ரான் தொழிற்சாலை சூறையாடப்பட்டது. பேசிய சம்பளம் கைக்கு வரவில்லை என்பதே தொழிலாளரின் முறையீடு. சிலருக்குச் சம்பளம் சரியாக வழங்கப்படவில்லை என்று பின்னர்க் கம்பெனியே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியப் பொறுப்பிலிருந்த துணைத் தலைவரையும் நீக்கியது. வாயிலில் காவலர் நின்றும், கேமராக்கள் பார்த்தும், கணக்கேட்டில் இருந்த தவற்றை அவை காணவில்லை.

அபாயத்தை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். யாருக்கு என்ன மனக்குறை? நான் எந்த இடத்தில், எந்த வேளையில் தனியாக அகப்படுவேன்? அகப்பட்டால் எனக்குத் துணை எது?

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. வீட்டு வாயில், அலுவலக வாயில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாலை. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் செல்பவனுக்காகக் காத்திருப்பது எளிது. ஆகவே நேரத்தையும் வழியையும் இடையிடையே மாற்றுவது நன்று. நாளை எங்கே செல்கிறோம் என்பதைச் செல்பேசியில் ஊரறியப் போடலாகாது. ரயில் பெட்டியில் உரக்கப் பேசுவதும் ஆகாது. எந்நேரம் எங்கிருப்போம் என்பதை வீட்டில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். மிரட்டல் வந்தால் சிரித்துத் தள்ளாமல், எழுத்தில் பதிந்து, மேலிடத்துக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். வேலை நீக்க உத்தரவு போன்ற கசப்பான செய்தியை ஓர் அதிகாரியைத் தனியே அனுப்பிச் சொல்ல வைப்பது கம்பெனி செய்யும் பெரும் பிழை.

ஆயினும் முதற் கேள்வியே தலையாயது. சுரங்க வாயிலில் தொழிலாளரைச் சோதனையிட்டே வெளியே விட்ட ஊர் நம்முடையது. அத்தனை காவல் இருந்தும், 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தனர். காவலாள் உடம்பைச் சோதிக்கலாம். மனத்திலுள்ளதைக் கேட்டறிவது அதிகாரியின் வேலை.

அதிகாரியாக உயர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: சம்பள நாளில் முறையிட வருபவனை நிற்கவைத்து விரட்டாதீர்கள்; உட்காரவைத்துக் கேளுங்கள். தொழிலாளராக இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: குறையைச் சங்கத்தின் வழியே எழுத்தில் கொடுங்கள், கல்லை எடுக்காதீர்கள். இருவரும் மாலையில் திரும்புவது ஒரே தெருவுக்கு. அங்கே இருவருக்காகவும் ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள்.